அக்கரையில் இறக்கி வாங்குபவர் யார்?



இலங்கையில் வெள்ளம் என்ற செய்தி வந்த வாரம் அது. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஹஜ்ரத், மஹல்லா பூரா துணிமணி சேத்தா ஒரு கண்டெய்னர் ரொம்பிடும். தூத்துக்குடியில கப்பல் ஏத்திடலாம். மிம்பர்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அங்க அதை இறக்கி வாங்கப் போறது யாரு மாமா?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை அவருக்கும் உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது நான் மத்ரஸா மாணவன். இரண்டு இரவுகள் விழித்திருந்து, வந்து குவிந்த பழைய துணிகளை மூட்டை கட்டினோம். லாரியுடன் நாகப்பட்டினம் சென்ற எங்களை வரவேற்றவை சாலையோரத் துணிக்குவியல்களே. மழையில் நனைந்து, மண் படிந்து, ஆடுமாடுகள் மிதித்துக் கிடந்தன. மீனவப் பெண்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பிறர் உடுத்திக் கழித்த புடவையை நீட்டுவதற்கா இரண்டு இரவு விழித்தோம் என்று எனக்குள் வெட்கம் எழுந்தது. அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தை அதற்கு முன் எத்தனையோ முறை ஓதியிருந்தேன். நமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நாமே வாங்கமாட்டாத பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற அதன் கட்டளை அன்றுதான் எனக்கு விளங்கியது.

நமக்காவது லாரி செல்லச் சாலை இருந்தது. அதே அலையில் சுமார் 1,70,000 உயிர்களை இழந்த இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் அதுவும் இல்லை. பண்டா அச்சேயிலிருந்து மேற்குக் கரையோரமாக மெலாபோ நோக்கிச் செல்லும் சாலையைப் பல இடங்களில் கடல் விழுங்கியிருந்தது. பாலங்களும் படகுத்துறைகளும் அழிந்திருந்தன. தட்டையான அடிப்பாகமும் முன்புறம் தாழ்ந்து இறங்கும் கதவும் கொண்ட சிறு கப்பல்கள் மணற்கரையிலேயே ஒதுங்கிச் சரக்கை இறக்கின. பிறகு வீடு கட்டும் காலம் வந்தபோது, பிற நிறுவனங்களின் மரத்தையும் சிமெண்டையும் ஏற்றிச் செல்வதற்கென்றே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஒரு கப்பல் சேவையை நடத்தியது. 2005 மார்ச் 28 அன்று மற்றொரு நிலநடுக்கத்தால் நொறுங்கிய நியாஸ் தீவுக்கும் அக்கப்பல்கள் சென்றன.

ஆயினும், வந்தவை யாவும் உதவியாகிவிடவில்லை. உரிய தாள்கள் இல்லாத கண்டெய்னர்கள் மேடானை அடுத்த பெலவான் துறைமுகத்தில் மாதக்கணக்கில் முடங்கின. மருந்துகளின் கதை இன்னும் கசப்பானது. இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்து சேர்ந்தது என்று பிரெஞ்சு மருந்தாளுநர் அமைப்பு ஒன்று ஆய்ந்து சொன்னது. அவற்றில் பெரும்பகுதியின் மேலுறை அங்குள்ளோர் படிக்க இயலாத மொழியில் இருந்தது. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. அழிக்கவும் பணம் வேண்டுமே! அந்தச் சுமை யார் தலையில் விழும்?

கப்பல் சரக்கு என்பது கூரியர் பொட்டலம் அன்று. பில் ஆஃப் லேடிங்கில் பெறுநரின் பெயர் இருக்க வேண்டும். பெட்டிக்குள் என்ன, எத்தனை என்ற பட்டியல் வேண்டும். வரிவிலக்கு வேண்டுமானால் அந்நாட்டு அரசின் கடிதம் வேண்டும். "பழைய துணி, பல வகை" என்று எழுதி அனுப்பினால் சுங்கத்தார் திறந்து பார்க்காமல் விடுவார்களா? குறித்த நாட்களுக்குள் எடுக்காவிட்டால் நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறும். அதைவிடக் கொடுமை, யாரும் கேட்காத நம் பெட்டி, கேட்டு வாங்கிய குடிநீர்க் குழாய்க்கும் கூரைத் தகட்டுக்கும் உரிய இடத்தையும் ஆட்களின் நேரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஹிஜாஸைக் கடும் பஞ்சம் வாட்டியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு மடல் எழுதி உணவு கேட்டார்கள். நைல் நதியைச் செங்கடலோடு இணைத்த, தூர்ந்துபோன பழங்கால்வாய் மீண்டும் வெட்டப்பட்டது. தானியக் கப்பல்கள் மதீனாவின் துறைமுகமாகிய அல்ஜாரை வந்தடைந்தன. இருபது கப்பல்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் யஃகூபி. எண்ணிக்கையைவிட, கரையில் நடந்ததே என்னைக் கவர்கிறது. கிடங்குகள் கட்டப்பட்டன. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் மக்களின் பெயர்களைப் பதிந்து, இன்னாருக்கு இவ்வளவு என்று சீட்டு எழுதி முத்திரையிட்டார்கள். (பிற்காலத்தில், மர்வானின் ஆட்சியில், தானியம் கைக்கு வருமுன்பே அல்ஜார்ச் சீட்டுகளை வாங்கி விற்கும் வணிகம் தலைதூக்கியதும், ஸைத் (ரலி) போன்றோர் அதைக் கண்டித்ததும் முவத்தாவில் பதிவாகியுள்ளன. நிவாரணம் உள்ள இடத்தில் இடைத்தரகும் வந்துவிடும் போலும்!)

"பணமில்லாத ஏழை துணியைத்தானே கொடுக்க முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அத்துணி நம்மூரிலேயே தேவைப்படுவோரைச் சேரட்டும். அதற்குக் கப்பல் வேண்டியதில்லை. கொழும்பில் அரிசி கிடைக்கும்போது இங்கிருந்து மூட்டை ஏற்றுவது வீண். அங்கேயே வாங்கினால் அன்றே அடுப்பு எரியும், வெள்ளத்தில் நொடிந்த கடைக்காரரும் பிழைப்பார்.

கப்பலே கதி என்ற வேளையும் வரும். 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றியபோது, தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, உயிர்காக்கும் மருந்துகள் அனுப்ப முடிவு செய்தது. மே 18 அன்று முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. இன்ன பொருள், இவ்வளவு என்ற கணக்கு இருந்தது, அக்கரையில் பெற்றுக்கொள்ள அரசும் இருந்தது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பெரியவர் என்னைத் தேடி மத்ரஸாவுக்கே வந்தார். புத்தளத்தில் இருக்கும் தம் மச்சானிடம் பேசி, அவர் வழியாக அங்குள்ள பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடமும் விசாரித்திருக்கிறார். "துணி வேணாமாம் ஹஜ்ரத். கிணத்துல எல்லாம் சேத்துத் தண்ணி நிக்குதாம். இறைக்கிற மோட்டாருக்கு வாடகையும், புள்ளைங்களுக்கு நோட்டுப் புத்தகமும்தான் கேக்குறாங்க" என்றார். எத்தனை கிணறுகள், ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியும் வைத்திருந்தார். அடுத்த ஜும்ஆவில் அந்தத் தாளைத்தான் மிம்பரில் வாசித்தேன்.