சர்ட்டிபிகேட்டும் யோக்கியதையும்

பெருங்களத்தூர், தாம்பரம் வட்டாரத்து வாலிபர்களுக்கு இப்போது ஒரு புது உத்தியோக ஆசை காட்டப்படுகிறது. கம்ப்யூட்டர் குற்றங்களைத் துப்பறியும் படிப்பாம். சில வாரங்களில் சர்ட்டிபிகேட்டாம். கை நிறையச் சம்பளமாம்!

இப்படிப்பு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இதற்கு மேல்படிப்பு இருக்கிறது. 2000-த்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி எழும்பூர் கோர்ட்டு 2004-லேயே ஒருவரைத் தண்டித்திருக்கிறது. 1-7-2024 முதல் அமலிலுள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவோ, மின்னணுச் சாட்சியத்தோடு நிபுணர் கையெழுத்திட்ட அத்தாட்சியையும் கேட்கிறது. அக்கையெழுத்தை நம்பி ஒரு மனிதன் சிறைக்குப் போகலாம். குற்றவாளி தப்பியும் போகலாம்.

அப்படியானால் நிபுணன் யார்? கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய காகிதமா? கைப்பற்றிய டிஸ்கில் புதிதாக எதுவும் பதியாதபடி தடுத்து, முழு நகலெடுத்து, இரண்டுக்கும் 'ஹாஷ்' என்னும் அடையாள எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுவதே இவ்வித்தையின் பாலபாடம். ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் அடியோடு மாறிவிடும். அதை எதிர்க்கட்சி வக்கீலும் கணக்கிட்டுப் பார்க்கலாம். யார் சொன்னார் என்பதல்ல, யார் சோதித்தாலும் அதே விடை வருகிறதா என்பதே கேள்வி. இதுவன்றோ பகுத்தறிவு!

பட்டம் பெறாத நாம் பொறாமையால் இதைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வாலிபர்களே! பெற்றோர்களே! பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை டிஸ்குகளை எங்கள் கையாலேயே சோதிக்க விடுவீர்கள்? சொல்லிக் கொடுப்பவர் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு நின்றவர்தானா?

பதில் இல்லையென்றால் அது படிப்பல்ல, தாயத்து வியாபாரமேயாகும்.