எஞ்சியிருக்கும் அந்த ஒரு சிகரெட்

சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறியவர்கள் மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். ஒன்று, தாம் மின்சிகரெட் பயன்படுத்துவது. மற்றொன்று, அதற்குப் பின்னும் தவிப்பு தாளாமல் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு சிகரெட்டுகளைப் பற்றவைப்பது. முதலாவதைச் சட்டத்துக்கு அஞ்சி மறைக்கின்றனர். இரண்டாவதை வீட்டாருக்கு அஞ்சி மறைக்கின்றனர். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவரும், மூச்சிரைப்புக்கு மருந்து உட்கொள்பவரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரும் இவர்களுள் உண்டு. இவ்விரண்டில் மிகுந்த கேடு விளைவிப்பது இரண்டாவது மறைப்பே. புகைத் தவிப்பை ஒழுக்கக் குறையாகக் கருதாமல், வயிற்றுவலியைப் போலவும் தூக்கமின்மையைப் போலவும் வாய்திறந்து சொல்லக்கூடிய ஒரு நோய்க்குறியாகக் கருதும் நிலை வீட்டிலும் மருத்துவமனையிலும் உருவாக வேண்டும் என்பது என் கருத்து.

'வேப்' என்று இளைஞர்கள் அழைக்கும் மின்சிகரெட், நிகோடின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாகத் தரும் கருவி. புகையிலை அதில் எரிவதில்லை. எரிவதால் பிறக்கும் தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றின் பிடியிலிருந்து விடுபடலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் அதற்கு மாறுகின்றனர். அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. இங்கிலாந்தில் 886 பேரைக் கொண்டு நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மின்சிகரெட்டின் துணையுடன் முயன்றவர்களுள் 18 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் சிகரெட்டை விட்டிருந்தனர். நிகோடின் சூயிங்கம், பட்டை போன்றவற்றைக் கொண்டு முயன்றவர்களுள் 9.9 விழுக்காட்டினரே விட்டிருந்தனர். ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. மின்சிகரெட்டால் வெற்றி கண்டவர்களுள் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் அந்தக் கருவியைக் கைவிடவில்லை. மற்றப் பிரிவில் வெற்றி கண்டவர்களுள் 9 விழுக்காட்டினர் மட்டுமே அப்போதும் சூயிங்கத்தையோ பட்டையையோ நாடிக்கொண்டிருந்தனர்.

நம் நாட்டின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டின் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், இருப்பு வைத்தல், விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடைசெய்துள்ளது. ஆகவே இங்கு எந்த மருத்துவரும் அதைப் பரிந்துரைப்பதில்லை, பரிந்துரைக்கவும் இயலாது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் வழியாகவும் நண்பர்கள் வழியாகவும் அது வீடுகளுக்குள் வந்துசேர்கிறது. மறைவாக விற்கப்படும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கலந்த வேப்கள் பரவியதால், சிங்கப்பூர் அரசு 2025 செப்டம்பர் முதல் அம்மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. கள்ளச் சந்தையில் வாங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

கருவி மாறிய பின்னும் சிகரெட்டுக்கான தவிப்பு ஏன் நீடிக்கிறது? இதை அறிந்துகொண்டால் நோயாளரின் குற்ற உணர்வு பாதி குறையும். சிகரெட் புகையை இழுத்த பத்து முதல் இருபது நொடிகளுக்குள் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அந்த வேகத்துக்கும் அளவுக்கும் பழகிய மூளைக்குப் பல மின்சிகரெட்டுகள் தரும் நிகோடின் மெதுவாகவும் குறைவாகவும் வந்துசேர்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், இரவு முழுவதும் புகைக்காமல் எழுபவருக்குக் காலைப் பொழுது மிகக் கடினமாக இருக்கிறது.

நிகோடின் ஒருபுறமிருக்க, பழக்கம் மறுபுறம் நிற்கிறது. காலைக் காபி, உணவுக்குப் பிந்தைய சில நிமிடங்கள், அலுவலக வாசலின் தேநீர்க்கடை, பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் என ஒவ்வொன்றும் பல்லாண்டுகளாகச் சிகரெட்டுடன் சேர்த்து முடிச்சுப் போடப்பட்டவை. நாள்தோறும் பத்து சிகரெட்டுகளை இருபது ஆண்டுகள் புகைத்தவர், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்த முடிச்சை இறுக்கியிருக்கிறார். புதிய கருவி ஒன்று கைக்கு வந்ததாலேயே அது அவிழ்ந்துவிடாது. மேலும், சிகரெட்டுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு, அணைத்துவிட்டு எழலாம். மின்சிகரெட்டுக்கு அத்தகைய முடிவு கிடையாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே இருப்பவருக்கு நிறைவு என்ற உணர்வு வாய்ப்பதில்லை. இக்காரணங்களால் எழும் தவிப்பு, மனவுறுதி இல்லாமையின் அடையாளம் ஆகாது.

இத்தவிப்பைத் தணிக்க நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பதால் என்ன வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இருபதை ஒன்றாகக் குறைத்தால் கேடும் இருபதில் ஒரு பங்காகக் குறையும் என்பது அவர்களது கணக்கு. இதயத்தின் கணக்கு அவ்வாறு இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, நாளொன்றுக்கு ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு இதயநோயால் நேரும் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதி நேர்கிறது. இரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்வதற்கும் இரத்தக்குழாய் சுருங்குவதற்கும் மிகச் சிறிய அளவுப் புகையே போதுமானது. எனவே மின்சிகரெட்டுக்கு மாறியவருக்கு, அவர் ஏற்கெனவே விட்டுவிட்ட பத்தொன்பதைக் காட்டிலும் எஞ்சியிருக்கும் அந்த ஒன்றே இப்போது முக்கியமானது. அதைப் பற்றித்தான் அவர் மருத்துவரிடம் முதலில் பேச வேண்டும்.

மருத்துவரிடம் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரல் சில மருந்துகளை வேகமாகச் சிதைக்கும்படி செய்கின்றன. இந்த விளைவு புகையால் வருவது, நிகோடினால் வருவதன்று. ஆகவே சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறினாலும், சூயிங்கத்துக்கு மாறினாலும், அம்மருந்துகள் உடலில் முன்பைவிட அதிகமாகத் தங்கத் தொடங்கும். மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின், மனநல மருந்தான குளோசபின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மருத்துவருக்குத் தெரியாமல் புகைப்பதை நிறுத்தினால், நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று மிகையாகிக் குமட்டலும் படபடப்பும் உண்டாகலாம்.

நம் வீடுகளின் காபிக்கும் இதே விதி பொருந்தும். புகைப்பதை நிறுத்தியவரின் இரத்தத்தில் காஃபின் அளவு ஏறக்குறைய இருமடங்காகக் கூடும். வழக்கம்போல் நான்கு டம்ளர் காபி அருந்துபவருக்குக் கை நடுக்கமும் எரிச்சலும் உறக்கமின்மையும் ஏற்பட, அதைச் சிகரெட்டுக்கான தவிப்பு என்று அவர் தவறாக எண்ணிக்கொள்வார். காபியைப் பாதியாகக் குறைத்த சில நாட்களிலேயே இந்த அமைதியின்மை பலருக்குத் தணிந்துவிடும்.

இனி, தவிப்பு எழும் அந்தக் கணத்தில் செய்யத்தக்கவை யாவை? ஒவ்வொரு தவிப்பும் அலையைப் போல எழுந்து சில நிமிடங்களில் அடங்கும் இயல்புடையது. புகைப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் அது உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் வெகுவாகத் தணியும். அந்தச் சில நிமிடங்களைக் கடப்பதற்கு எளிய வழிகள் போதும். இருக்கும் இடத்தை விட்டு எழுந்து ஐந்து நிமிடம் நடக்கலாம். ஒரு குவளை நீரை மெதுவாகப் பருகலாம். ஏலக்காயையோ கிராம்பையோ வாயில் இட்டுக்கொள்ளலாம். ஆனால் பாக்கையும் புகையிலை கலந்த பொட்டலங்களையும் தொடக் கூடாது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என உறுதிசெய்யப்பட்டுள்ளது. சிகரெட்டுக்குப் பதிலாகப் பீடி என்பதும் மாற்று ஆகாது.

இவற்றோடு சட்டப்படி கிடைக்கும் மருந்துகளும் உள்ளன. நிகோடின் பட்டையைத் தோலில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுவதும் சீரான அளவில் நிகோடின் சேரும். திடீரெனத் தவிப்பு எழும்போது நிகோடின் சூயிங்கம் உதவும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைக்கும் வழக்கம் உடையவர்களுக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம் போதாமல், 4 மில்லிகிராம் தேவைப்படலாம். 'சூயிங்கம் மென்று பார்த்தேன், பயனில்லை' என்று சொல்பவர்களுள் பலர், அதைச் சாதாரணச் சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்று விழுங்கியவர்களே. மெதுவாக மென்று, காரம் போன்ற ஒரு சுணுப்புத் தோன்றியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த உணர்வு மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பும், மெல்லும்போதும் காபி, தேநீர், பழச்சாறு எதுவும் அருந்தலாகாது. அவை நிகோடின் உட்கிரகிக்கப்படுவதைக் குறைத்துவிடும். வரெனிக்லின், புப்ரோபியான் என்னும் மாத்திரைகளும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை, குறிப்பாக அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் வலிப்புநோய் உள்ளவர்களுக்கும், மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

வரிசையைப் பற்றியும் ஒரு சொல். சிகரெட்டும் மின்சிகரெட்டும் இரண்டும் கையில் இருப்பவர், எரியும் சிகரெட்டை முதலில் முற்றாக நிறுத்த வேண்டும். பின்னர் மின்சிகரெட்டின் இடத்தில் பட்டையையும் சூயிங்கத்தையும் மருத்துவரின் மேற்பார்வையில் கொண்டுவந்து, அவற்றையும் படிப்படியாகக் குறைக்கலாம். தவிப்பு மிகும்போது மருத்துவரிடம் வந்து மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்வது தோல்வி அன்று. இரத்த அழுத்த மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொள்வதைப் போன்றதே அது.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். சட்டைப் பையைச் சோதிப்பதும், வாயை முகர்ந்து பார்ப்பதும், 'பிள்ளைகள் மீது சத்தியம் செய்யுங்கள்' என்று கேட்பதும் அன்பினால் செய்யப்படுபவையே. எனினும் அவற்றால் பெரும்பாலும் விளைவது, சிகரெட் வீட்டிலிருந்து தெருமுனைக்கு இடம் மாறுவது மட்டுமே. 'மறுபடியும் தொடங்கிவிட்டீர்களா?' என்று கேட்பதற்குப் பதில், 'இன்று எந்த நேரம் கடினமாக இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு மறுப்பு மட்டுமே விடையாக வரும். இரண்டாவது கேள்விக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் விடையாக வரும். அவை தெரிந்தால் அந்த நேரத்தில் உடன் நடக்கலாம், அந்தக் கடையைத் தவிர்த்து வேறு வழியில் செல்லலாம். ஒரு நாள் ஒரு சிகரெட் புகைத்துவிட்டார் என்பதால் அதுவரையிலான முயற்சி அழிந்துவிடாது. மறுநாள் காலையில் அதே பட்டையுடன் அதே முயற்சியைத் தொடரலாம். வீட்டில் மின்சிகரெட் திரவம் இருந்தால் அது குழந்தைகளின் கைக்கு எட்டாதிருக்க வேண்டும். சிறிதளவு விழுங்கினாலும் நஞ்சாகும்.

இது குற்றத்துக்கு இடம் கொடுப்பது ஆகாதா என்று சிலர் வினவுகின்றனர். கண்டிப்பு இல்லாவிட்டால் யாரும் புகையை விடமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். கண்டிப்பின் இடம் எது என்பதே இங்குக் கேள்வி. விற்பவரிடமும் விளம்பரம் செய்பவரிடமும் சட்டம் கண்டிப்பாக இருக்கட்டும். நோயுற்றவரிடம் தேவைப்படுவது உண்மை. அச்சம் உள்ள இடத்தில் உண்மை வெளிவருவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் 'நான் புகைப்பதில்லை' என்று சொல்லப்படும் ஒரு பொய், மயக்க மருந்து தருபவரின் கணிப்பையும் காயம் ஆறும் காலத்தையும் நேராகப் பாதிக்கிறது.

ஆகவே அடுத்த முறை வரும்போது நான்கு செய்திகளை ஒரு தாளில் குறித்து வாருங்கள்: நாளொன்றுக்கு எத்தனை சிகரெட், எழுந்த எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், மின்சிகரெட் உண்டா இல்லையா, எந்த நேரத்தில் தவிப்பு மிகுதி. மருத்துவருக்கு இவை போதும். நேரில் பேசத் தயங்குபவர்கள், சிகரெட் பெட்டிகளின் மேலேயே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1951 முதல் 2001 வரை ஐம்பது ஆண்டுகள் பிரிட்டன் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலும் அவரது குழுவினரும், அறுபது வயதில் புகையை விட்டவர்களும் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றதைக் கண்டனர். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் பெற்றனர். அந்த ஆண்டுகள் முழுமையாகப் புகையை விட்டவர்களுக்குக் கிடைத்தவை. பத்தொன்பதை விட்டுவிட்டவருக்கு இன்னும் ஒன்றே பாக்கி. அதற்கான உதவியை வாய்திறந்து கேட்கலாம்.