238-க்கு 201

பென்ஷனில் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள் என்று என் வயதுக்காரர்கள் புலம்புவதுண்டு. நானும் புலம்பியவன்தான். கைக்கு வருமுன்னே பிடிக்கும் இந்த முறையை 1803-இல் பிரிட்டனில் சட்டமாக்கியவர் பிரதமர் அடிங்டன். அவருக்கு முன் 1799-இல் பிரான்சோடு நடந்த போரின் செலவுக்காக வருமான வரியைக் கொண்டுவந்தவர் பிட். ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு மேல் வருமானம் இருந்தால் பத்து சதவீதம். 60 பவுண்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. கூலிக்காரனை அது தொடவே இல்லை, அதைக் கவனியுங்கள்.

1815-இல் வாட்டர்லூவோடு போர் முடிந்தது. கடனோ 80 கோடி பவுண்டைத் தாண்டி நின்றது. வரி இன்னும் கொஞ்ச காலம் பாதி அளவிலாவது இருக்கட்டும் என்றார் நிதியமைச்சர் வான்சிட்டார்ட். எதிர்க்கட்சியின் புரூம் விடவில்லை. வாரக்கணக்கில் மனு மேல் மனுவாகச் சபையில் வைத்தார்கள். அதிகாரிகள் நம் கணக்குப் புத்தகத்தில் மூக்கை நுழைக்கிறார்கள், போர் முடிந்ததும் எடுத்துவிடுவதாகத்தானே சொன்னீர்கள் என்பதுதான் வாதம். வாக்கு கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. 1816 மார்ச் 18 அன்று 238-க்கு 201 என்று அரசு தோற்றது. சபையில் ஒரே ஆரவாரம்.

இதை மக்களின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சபையில் மான்செஸ்டருக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஆள் அரவமற்ற ஓல்டு சாரத்துக்கு இரண்டு பேர்! உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்கள். முந்தின ஆண்டுதான் உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை உள்ளே விடக்கூடாது என்று சட்டம் போட்டு, ரொட்டி விலை இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். இப்போது தங்கள் வரியையும் இறக்கிவைத்தார்கள். கடனுக்கு வட்டி கட்டத்தானே வேண்டும்? உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி, சர்க்கரை, தேயிலை வரிகள் தொடர்ந்தன. பீருக்கான மால்ட் வரியில் போர்க்காலக் கூடுதலை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். 1819-இல் அதையும் ஏற்றி, தேயிலை, புகையிலை, காப்பி மேலும் போட்டார்கள். வட்டி வாங்கியவர்கள் யார் என்றால், அரசுக்குக் கடன் கொடுத்த பணக்காரர்கள்தான். உப்பு வரி அங்கே 1825-இல் போயிற்று. நம்மிடம் மட்டும் விடாமல் வசூலித்தார்கள். ராஜாஜி 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அந்த வரிக்காகத்தான்.

புரூம் கெட்டவரல்ல. அடிமை ஒழிப்புக்கும் கல்விக்கும் பாடுபட்டவர். அந்த மனுஷர் இதில் ஏன் முன்னால் நின்றார் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1842-இல் பீல் அதே வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். 150 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும், பவுண்டுக்கு ஏழு பென்ஸ். அந்தத் தைரியத்தில் நூற்றுக்கணக்கான சாமான்களின் சுங்க வரியைக் குறைத்தார்.

1816-இல் வரிக் கணக்குகளை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்றும் சபை தீர்மானித்தது. அழித்தார்கள். ஆனால் நகல்கள் ஏற்கெனவே இன்னொரு அலுவலகத்துக்குப் போயிருந்தன. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவை தப்பிவிட்டன.