எந்தப் புறநகர் போனாலும் அதே பீட்சா கடை ஏன்?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் பெற்றோர் பலரும் சொல்வது இது: நியூஜெர்சியோ டெக்சாஸோ, புறநகர் என்றால் ஒரே மாதிரிதான். முன்னால் பரந்த பார்க்கிங், பின்னால் ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கடைகள். பெரிய சூப்பர் மார்க்கெட், சலவைக் கடை, முடிதிருத்தும் நிலையம், தவறாமல் ஒரு பீட்சா கடை. அமெரிக்கர்களின் நாக்கு ருசி அப்படி என்று முடிவுகட்டிவிடுகிறோம். ருசிக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கடையை அங்கே உட்கார வைத்தவை நில விதிகளும் வரியும் வாடகை ஒப்பந்தமும்.

முதலில் நிலம். வீடுகளுக்கு ஒரு பகுதி, கடைகளுக்கு ஒரு பகுதி என்று உள்ளாட்சிகள் வகுத்துவிடுகின்றன. ஓஹையோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், 1926இல் உச்ச நீதிமன்றமே இதைச் செல்லும் என்றது. அதனால் தெருமுனைக் கடை என்ற பேச்சுக்கே இடமில்லை. பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும். கார் வந்தால் அதை நிறுத்த இடம் வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கடைக்கு நான்கைந்து கார்களுக்கு இடம் விடவேண்டும் என்பது பல ஊர்களில் விதி. வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 300 சதுர அடி பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடையைவிடப் பார்க்கிங்தான் பெரிது! உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால் இன்னும் அதிகம் கேட்பார்கள். நாற்காலி போடாமல் அட்டைப்பெட்டியில் கொடுத்தனுப்பும் கடைக்கு இந்தத் தொல்லை குறைவு. சிறிய இடமே போதும் என்பதால் வாடகையும் குறைவு.

லிட்டில் சீசர்ஸ் என்ற பீட்சா நிறுவனத்தின் முதல் கடை 1959இல் டெட்ராய்ட் புறநகரான கார்டன் சிட்டியில், இப்படியொரு கடைவரிசையில்தான் திறந்தது. மறு ஆண்டே அதே மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் டாமினோஸ் தொடங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே அதன் பலமானது. கடைவரிசைகள் அந்தக் காலத்தில் பெருகியதற்கு வரியும் காரணம். புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள 1954ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. முதலீட்டாளர்களின் பணம் அங்கே பாய்ந்தது.

ஒரு வளாகத்தில் ஒரே பீட்சா கடை இருப்பதும் பல இடங்களில் தற்செயல் அல்ல. 'எங்கள் பண்டத்தை விற்கும் இன்னொருவருக்கு இங்கே இடம் தரக்கூடாது' என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குவது உணவுக் கடைகளின் வழக்கம். மாசசூசெட்ஸில் சாண்ட்விச் விற்கும் பனேரா, தன் வளாகத்துக்கு வரவிருந்த, பரீட்டோ என்ற மெக்சிகன் சுருள் ரொட்டி விற்கும் கிடோபாவை இந்த வரியைக் காட்டித் தடுக்கப் பார்த்தது. பரீட்டோ சாண்ட்விச் ஆகாது என்று 2006இல் நீதிபதி சொன்னதும் அந்த முயற்சி நின்றது. நாம் எதைச் சாப்பிடுவோம் என்பதை வாடகைப் பத்திரம் எவ்வளவு தூரம் தீர்மானிக்கப் பார்க்கிறது என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பீட்சா ஹட் போன வழி வேறு. 1969 முதல் சிவப்புக் கூரையும் சரிந்த ஜன்னல்களுமாகத் தனிக் கட்டடம் கட்டி, குடும்பத்தோடு வந்து உட்காரச் சொன்னது. டெலிவரி பெருகியதும் அந்த நாற்காலிகளே சுமையாகிவிட்டன. அதன் மிகப் பெரிய அமெரிக்க ஃபிரான்சைஸ் நிறுவனமாக இருந்த என்பிசி 2020இல் திவாலாகி, சுமார் 300 கடைகளை மூட ஒப்புக்கொண்டது. பெரும்பாலானவை உட்கார்ந்து சாப்பிடும் கடைகள். பழைய சிவப்புக் கூரைகளின் கீழ் இன்று வேறு கடைகள் நடக்கின்றன. ஜன்னலின் சரிவை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதியை பஃபலோ நகரம் 2017இல் கைவிட்டது. வேறு சில நகரங்களும் அதே வழியில் வந்திருக்கின்றன. புறநகர்களில் பெரும்பாலானவை இன்னும் அசையவில்லை.