வாசலை விற்கலாமா?

வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு வாசல் உண்டு. அந்த வாசலில் கோலமிடுவதா, தோரணம் கட்டுவதா என்று முடிவு செய்யும் உரிமை அங்கே குடியிருப்போருக்கே உரியது. வழியே போகும் வணிகன் ஒருவன் வந்து, "வீட்டின் விலையில் ஒரு பங்கை நான் தருகிறேன், உன் கதவில் நாள்தோறும் என் சரக்கின் படத்தை ஒட்டுவேன், போகும்போதும் வரும்போதும் நீ அதைப் பார்த்தே ஆக வேண்டும்" என்றால், தன்மானமுள்ள எவரும் உடனே தலையசைப்பாரா? கைக்குள் அடங்கும் திறன்பேசிக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அதற்குப் பூட்டுத்திரை என்று பெயர். அந்த வாசல்தான் விலை பேசப்பட்டது.

இந்த வாணிகம் முதலில் தொட்டது நூல் படிப்போரைத்தான். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் மின்னூல் கருவியை இரு விலைகளில் விற்றது. விளம்பரம் இல்லாத கருவி 139 அமெரிக்க வெள்ளி. விளம்பரம் தாங்கிய கருவி 114 வெள்ளி. அதற்கு முன்பெல்லாம் அக்கருவி உறங்கும் வேளையில் அதன் திரையில் ஜேன் ஆஸ்டின், மார்க் டுவைன் போன்ற எழுத்தாளர்களின் உருவங்கள் தோன்றும். மலிவுக் கருவியிலோ அவ்விடத்தில் மகிழுந்தும் முகப்பூச்சும் வந்து அமர்ந்தன. எழுத்தாளன் முகத்தின் விலை 25 வெள்ளி என்று கணக்கிட்டுவிட்டது வாணிகம்!

நூலில் நுழைந்தது பேசியை விடுமா? 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே நிறுவனம் இரண்டு திறன்பேசிகளை அறிவித்தது. 199.99 வெள்ளி விலையுள்ள மோட்டோ ஜி4 149.99 வெள்ளிக்கும், 99.99 வெள்ளி விலையுள்ள புளூ ஆர்1 எச்டி 49.99 வெள்ளிக்கும் கிடைக்கும் என்றது. பூட்டுத்திரையில் விளம்பரம் தோன்றும் என்பதே நிபந்தனை. இச்சலுகையும் எல்லாருக்கும் அன்று. அப்போது ஆண்டுக்கு 99 வெள்ளி சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கே உரியது.

50 வெள்ளி சிறு தொகையா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒருவர் நாளொன்றுக்கு 50 முறை திறன்பேசியைக் கையிலெடுத்து ஒளியேற்றுகிறார் என்றால், ஈராண்டில் 36,500 முறை அவ்வாசலில் நிற்கிறார். 50 வெள்ளி என்பது 5,000 காசு. ஒரு பார்வைக்குக் கிடைக்கும் கூலி, ஒரு காசில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை! சலுகை ஒருநாள், சேவகமோ கருவி உழைக்கும் நாளெல்லாம். தூண்டிலில் கோத்த இரையை மீனுக்கு இட்ட விருந்து என்று எவரேனும் சொல்வதுண்டா?

"ஏழைக்கும் ஒரு திறன்பேசி கிட்டுகிறதே, அதைக் கெடுக்கலாமா?" என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். ஏழைக்குக் கருவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்முறையில் நடப்பது என்ன? பணமுள்ளவர் முழு விலை கொடுத்து அமைதியை வாங்கிக்கொள்கிறார். இல்லாதவர் தம் கவனத்தை அடகு வைக்கிறார். பொருள் வாங்க வசதியற்றவரின் கண்முன்தான் பொருள் வாங்கச் சொல்லும் படங்கள் ஓயாமல் தொங்குகின்றன. இதற்கு உதவி என்று பெயரிடுவது தகுமா?

"நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் இல்லையா?" என்பது இன்னொரு வாதம். நாளிதழை மடித்து வைக்கலாம். தொலைக்காட்சியை அணைத்து விடலாம். திறன்பேசியோ மருத்துவமனைக்கும் உடன் வருகிறது, இழவு வீட்டுக்கும் உடன் வருகிறது. நள்ளிரவில் நோயுற்ற தாயைப் பற்றிச் செய்தி வந்ததோ என்று பதறி எடுக்கும் மகனை, காலணி விற்பவன் வழிமறிக்கலாமா?

இம்முறை நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனமே தன் திறன்பேசிகளின் பூட்டுத்திரை விளம்பரங்களைக் கைவிட்டது. விலை 20 வெள்ளி அளவுக்கு ஏறியது. மனம் இரங்கியா கைவிட்டது? திரைகள் பெரிதாகிவிட்டன, விரல்ரேகையாலும் முகத்தாலும் பூட்டைத் திறக்கும் வசதி பரவிவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம். விரல் பட்டதும் கதவு திறந்துகொண்டால் வாசலில் நின்று படம் பார்ப்பவர் யார்? பயனாளரின் மாண்பு செய்யாததை ஒரு விரல்ரேகை செய்தது! கிண்டில் கருவியிலோ அந்த இருவிலை முறை இன்றும் தொடர்கிறது. ஆகவே, வழக்கு முடிந்துவிட்டது என்று எவரும் உறங்க வேண்டா.

மாணவர் கைகளில் திறன்பேசி இருக்கும் காலம் இது. செய்யுளுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர் இந்த மலிவுக்கும் பொருள் சொல்லித் தர வேண்டும். குறைந்த விலை கண்டவுடன் மூன்று கேள்விகள் கேட்க மாணவர் பழகட்டும். மீதி விலையைக் கொடுப்பவர் யார்? அவருக்குக் கிடைப்பது என்ன? அந்தக் கடன் என்று தீரும்? முதலிரண்டு கேள்விகளுக்கு வணிகர் விடை தருவர். மூன்றாவதற்கு அவர்களிடம் விடை இராது. ஏனெனில் தீராத கடனாக இருப்பதில்தான் அவர்களுடைய இலாபம் அடங்கியிருக்கிறது. கவனம் என்பது கல்வியின் முதல். முதலையே விற்றுவிட்டு, கல்வி என்னும் வாணிகத்தை எதைக்கொண்டு நடத்துவது?