எருமை இருக்கிற புத்தகம்

எங்கள் சேரி மாலைப் பள்ளிக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். அட்டை கிழிந்து தையல் பிரிந்த ஒரே கதைப் புத்தகத்தைத்தான் தினமும் எடுப்பாள். நாலு மாசமா அதே கதை. "அத ஒளிச்சு வச்சிட்டுப் புதுசக் குடுங்க" என்றார் தோழர் ஒருவர். நானும் ஒளித்து வைத்தேன். புதுசை அவள் தொடவே இல்லை. மூணாம் நாள் பள்ளிக்கே வரவில்லை.

தப்பு என்னுடையது. படித்ததையே படிப்பது மந்தம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவள் தடுமாறாமல் வாசிக்க முடிகிற முதல் புத்தகம் அது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்படுகிற பிள்ளைக்கு, அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பது சின்ன விஷயமா?

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். "இதுல அப்படி என்னம்மா இருக்கு?" நேராக ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "எங்க எரும மாதிரியே இருக்குதுண்ணே." கதைக்கும் எருமைக்கும் சம்பந்தமில்லை. குளத்தோரம் சும்மா நிற்கிறது.

பள்ளி அலமாரியைக் கிளறினோம். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ படித்துக் கழித்துவிட்ட புத்தகங்கள். ராஜா, முனிவர், பசு. எருமை இல்லை, பறை இல்லை. குடிசை வந்தால் அதிலிருப்பவன் பரிதாபத்துக்குரியவன். உதவ யாராவது வெளியிலிருந்து வருவான்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? ஏழு வயசுப் பிள்ளையிடம் வட்டமேசை மாநாட்டைக் கொடுக்கிறோம். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன சிறுவன் பீமா, வண்டிக்காரன் ஓட்ட மறுத்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் கழித்த ராத்திரியைச் சொல்லுங்கள். 'இன்னொரு தடவ சொல்லு' என்பார்கள். 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வில் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அதைப் படமாகவே வரைந்திருக்கிறார்கள்.

மாடு மேய்ப்பவர், தோல் பதனிடுபவர், குயவர், வண்ணார் ஆகியோரின் அறிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் காஞ்சா அய்லய்யாவின் ஆங்கில நூல் 'டர்னிங் த பாட், டில்லிங் த லேண்ட்' 2007இல் வந்தது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானதுதான். படத்தைக் காட்டித் தமிழில் கதையாகச் சொன்னேன். ஐதராபாத் அன்வேஷி 2008இல் தலித், சிறுபான்மைப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கதைப் புத்தகங்களாகக் கொண்டுவந்தது. அப்படி நம் தெருவைச் சொல்லும் புத்தகங்கள் தமிழில் இன்னும் நிறைய வேண்டும்.

அதுவரை? எருமை மேய்க்கும் ஆயாவைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொன்னோம். பிள்ளைகள் படம் போட்டார்கள். எட்டுப் பக்கம், இரண்டு பின். பழைய புத்தகத்தை ஒட்டிப் பக்கத்திலேயே வைத்தோம். இப்போது இரண்டையும் படிக்கிறாள்.

தோழர்களே, புதுப் புத்தகம் வாங்கக் கிளம்பும் முன்பு, உங்கள் பள்ளியில் அதிகம் கிழிந்த புத்தகம் எது, எந்தப் பக்கத்தில் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். தேட வேண்டியது அங்கேயிருந்துதான்.