தாத்தாவின் கிராண்டு எங்கே?

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை, பாட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இழுத்து நடுவீட்டில் வைத்தார். உள்ளே தண்ணீர்க் கட்டண ரசீதுகள், சொக்சோ கடிதம் ஒன்று, தோட்டத்துப் பள்ளியில் எடுத்த மங்கிய படம், யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு சூராட் பெரானாக். வீட்டுக் கிராண்டு மட்டும் இல்லை. "பேங்குல இருக்கும்" என்றார் சித்தப்பா. "வக்கீல்கிட்ட இருக்கும்" என்றார் அத்தை. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் எஸ்.பி.எம். மலாய்மொழியில் 'ஏ' வாங்கியவன் நான் ஒருவன்தான். அதனால் அரசாங்கத் தாள் எதுவானாலும் என் தலையில்தான் விழும்.

இதற்குள் தெரிந்த ஏஜெண்டு ஒருவர், கிராண்டு விவரத்தைத் 'தேடிக் கொடுக்க' 800 வெள்ளி கேட்டிருந்தார். சித்தப்பா கொடுக்கவும் தயார். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

மறுநாள் நில அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அக்கா தாத்தாவின் பெயரைக் கேட்கவே இல்லை. "நொம்போர் லோட் அடா, டேக்?" என்றுதான் கேட்டார். என்னிடம் இல்லை. இங்கே நிலத்தை ஆள் பெயரை வைத்துத் தேடுவதில்லை. லாட் எண், கிராண்டு எண், முக்கிம், மாவட்டம் ஆகியவை வேண்டும். இவை எல்லாம் வருடா வருடம் வரும் நிலவரி பில்லிலேயே அச்சாகியிருக்கின்றன. பாட்டி அந்த பில்லைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். (நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் கதவு வரி வேறு, இது வேறு. நான் முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன்.)

பில்லோடு போனதும் அரை மணி நேரத்தில் தாள் கைக்கு வந்தது. கட்டணம், ஏஜெண்டு கேட்டதில் ஒரு துணுக்கு. தாத்தாவின் பெயர், பழைய அடையாள அட்டை எண், நிலத்தின் பரப்பு, பயன்பாட்டு நிபந்தனை எல்லாம் அதில் இருந்தன. கீழே ஒரு வரி: 1984ல் ஒரு வங்கிக்கு அடமானம். கடன் அடைந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் அடமானத்தை நீக்கும் 16என் பாரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. சித்தப்பா சொன்னது சரி, கிராண்டு இத்தனை காலமும் வங்கியிலேயே கிடந்திருக்கிறது.

இந்த அனுபவத்தை வைத்து ஒன்று சொல்லத் துணிகிறேன். "நம்ம ஆளுங்ககிட்ட டாக்குமெண்டு கிடையாது" என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். அது பாதி உண்மை. பல வீடுகளில் தாள் இல்லாவிட்டாலும் அதன் பதிவு ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. எந்த அலுவலகம், என்ன கேட்க வேண்டும், எந்த எண்ணோடு போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் மாணவர்களாகிய நாம். ஆனால் நாம் இதைப் பெரியவர்கள் வேலை என்று விட்டுவிட்டோம். பெரியவர்களோ மலாய்த் தாளைக் கண்டால் நம்மிடம் நீட்டுகிறார்கள். நடுவில் ஏஜெண்டு பிழைக்கிறார்.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நடப்பில் உள்ளது. சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள். தென் ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் முறைதான் இதற்கு அடிப்படை. அதன்படி பதிவேட்டில் எழுதியிருப்பதே உரிமை. வீட்டில் இருக்கும் கிராண்டு ஒரு பிரதி, மற்றொன்று அரசிடம் இருக்கிறது. ஆகவே வீட்டுப் பிரதி தொலைந்தால் நிலமே போய்விட்டது என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. அதே சமயம், வீட்டுப் பிரதி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு பெண்மணியின் நிலத்தை, அவர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து விற்றுவிட்டார்கள். அடோர்னா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். 2000ல் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொல்ல 2010 ஆனது. அந்தப் பெண்மணிக்கு அது உதவவில்லை.

நிலப் பதிவேடு யாருக்கும் திறந்த கதவு. கட்டணம் கட்டினால் யாருடைய லாட்டையும் பார்க்கலாம். சும்மா விவரம் பார்த்துக்கொள்ளத் தனியார் தேடல் போதும். நீதிமன்றத்திலோ வங்கியிலோ காட்ட வேண்டுமென்றால் அதிகாரி கையெழுத்திட்ட அதிகாரபூர்வத் தேடல் சான்றிதழ் வாங்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அத்தை வீட்டில் கடன் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பது அழகல்ல. அதையும் சொல்லி வைக்கிறேன்.

திருமணப் பதிவு அப்படித் திறந்த கதவு அல்ல. அது தேசியப் பதிவுத் துறையிடம் இருக்கிறது. நீங்கள் யார், அந்தத் தம்பதிக்கு என்ன உறவு என்று காட்டித்தான் கேட்க முடியும். எங்கள் வீட்டில் பெரிய சிக்கலே இங்கேதான் வந்தது.

தாத்தாவும் பாட்டியும் 1971ல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி மணந்தவர்கள். பதிவு இல்லை. அது குற்றமும் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று சொல்லும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்ததே 1982 மார்ச் 1ஆம் தேதிதான். அதற்கு முன் சமயப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது. விரும்பினால் பின்னர் போய்ப் பதிந்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறது. தாத்தா உயிரோடு இருந்தபோது இருவரும் ஒரு நாள் போய் வந்திருந்தால் பாட்டியின் கையில் ஒரு தாள் இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியாது.

தாள் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். உயில் எழுதாமல் தாத்தா போய்விட்டார். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் இல்லாத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பாட்டி மனைவிதான் என்று நிறுவினால்தான் அந்த மூன்றில் ஒரு பங்கு. ஐம்பது ஆண்டு குடும்பம் நடத்திய ஒருவரை, "நீங்கள் இவருக்கு யார்?" என்று கேட்கும் கேள்விக்கு முன் நிறுத்தியதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். திருமணத்துக்கு வந்திருந்த இரண்டு பெரியவர்கள் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஐவரின் பிறப்புச் சான்றிதழ்களிலும் இருவர் பெயரும் இருந்தது. அவற்றைச் சேர்த்துத்தான் மனு போட்டோம். நிலம் உள்ள சொத்து மொத்தம் 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகாவிட்டால் உயர் நீதிமன்றம் போக வேண்டாம், சிறு சொத்துப் பிரிவில் நில அலுவலகமே விசாரிக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு தொல்லை, பெயர். முனியாண்டி என்ற பெயர் கிராண்டில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், மூத்த மகனின் பெரானாக்கில் மற்றொரு விதம். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். எழுத்தறியாத நம் முன்னோர் கைநாட்டு வைத்தார்கள். அவர்கள் செய்த பிழை இல்லை அது, ஆனால் திருத்தும் வேலை நமக்கு வந்திருக்கிறது. மூன்று பெயரும் ஒருவரே என்பதற்கு இன்னோர் உறுதிமொழிப் பத்திரம். இன்றே உங்கள் வீட்டுத் தாள்களை வரிசையாக வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். எத்தனை பேருக்குப் பக்கென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

1982க்குப் பின் மணந்தவர்கள் விஷயம் இன்னும் கடுமை. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டு, தாயார் வெளிநாட்டவராகவும் இருந்துவிட்டால், பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறி. பெற்றோர் சட்டப்படி மணக்காத பிள்ளைக்கு, குடியுரிமை விதியில் தந்தைக்குப் பதில் தாயையே பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. பின்னர் பதிந்தால் சரியாகிவிடும் என்று நம்பி ஏமாந்து நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் உண்டு. நம் வகுப்பில் ஐசி இல்லாமல் படிக்கும் நண்பனின் கதை பல நேரம் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

நீதிமன்றத் தாள் என்றால் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். பிரிந்து வாழ்வதையும், பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்ததையும் மணவிலக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மணவிலக்கை உயர் நீதிமன்றம்தான் தர முடியும். முதலில் வருவது இடைக்கால ஆணை. சாதாரணமாக மூன்று மாதம் கழித்து அதை முடிவான ஆணையாக்க வேண்டும். முதல் தாளோடு நிறுத்திக்கொண்டவர் மறுமணப் பதிவுக்குப் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியும். நகல் வேண்டுமென்றால் எந்த ஊர் உயர் நீதிமன்றம், எந்த ஆண்டு, வழக்கு எண் என்ன என்பதைக் கொண்டு பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். உயர்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகளை நீதித்துறையின் அகப்பக்கத்தில் இலவசமாகவே படிக்கலாம். சட்டம் படிக்க ஆசைப்படும் படிவம் 5 மாணவர்கள் நாடகம் பார்ப்பதை விட்டு அதைப் பார்க்கலாம்.

இப்படி எழுதினால் ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். சின்னப் பிள்ளை கிராண்டைப் பற்றிக் கேட்டால், "கிழவன் எப்ப சாவான்னு பாக்குறான்" என்று பேச்சு வரும். எனக்கும் வந்தது. அது ஒதுக்கிவிடக் கூடிய பேச்சல்ல. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி முகம் பார்க்காத வீடுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதனால் கிராண்டில் தொடங்காதீர்கள். "பாட்டி, உங்க கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்துச்சு? யார் யார் வந்தாங்க?" என்று தொடங்குங்கள். எங்கள் பாட்டி அந்தக் கேள்விக்கு இரண்டு மணி நேரம் பதில் சொன்னார். அந்த இரண்டு சாட்சிகளும் அந்தக் கதையிலிருந்துதான் கிடைத்தார்கள்.

2011ல் 'மைடாஃப்தார்' என்று அரசு ஓர் இயக்கம் நடத்தி, ஆவணம் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிந்தது. இத்தகைய முகாம்கள் வேண்டும்தான். கவுண்டரில் நம் தாத்தா பாட்டிகளிடம் பொறுமையாகப் பேசும் அதிகாரிகளும் வேண்டும். ஆனால் முகாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நம் பள்ளிகளின் தமிழ்மொழிக் கழகங்கள் வருடத்தில் ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு, உறுப்பினர்களை ஒரு நாள் மாவட்ட நில அலுவலகத்துக்கு அழைத்துப் போகலாம். மலாக்கா சுல்தான்களைப் பற்றி ஃபோலியோ செய்யும் நாம், நம் தாத்தா எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார் என்பதற்கும் ஒன்று செய்யலாம். காலனி காலத்துச் சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தோட்டங்களைப் பற்றிய கடிதப் போக்குவரத்து அவற்றில் நிறைய.

எங்கள் விசாரணை அடுத்த மாதம். பாட்டி புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "உங்கம்மா கல்யாணத்தைப் பதிஞ்சாங்களா? அந்தத் தாள் எங்க இருக்கு?" என்று கேட்டார். அம்மா பதிந்ததாகத்தான் சொல்கிறார். ஆனால் அலமாரியை மூன்று முறை கலைத்துப் பார்த்துவிட்டோம், இன்னும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை இருவர் ஐசியையும் வாங்கிக்கொண்டு பதிவுத் துறைக்குப் போகிறோம்.